மூன்றாவது கேபினும் ஐந்தாவது கேபினும்

ஹாஜிரா அந்த ஹோட்டலுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. அவள் தைத்த ரெக்ஸின் உறைகள் மட்டும் அதற்கு ஆறு வருடம் முன்பே உள்ளே போய்விட்டிருந்தன.

உறைகள் உள்ளே போனது தர்மபுரி தனி மாவட்டமானதற்கு அடுத்த வருடம், 1966-ல். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கிருஷ்ணப்பன் நடத்திவந்த சைவ ஹோட்டலுக்குத் திடீரென்று புது மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கலெக்டர் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள், இன்ஜினீயர்கள், அவர்களுடைய மனைவி மக்கள். லாரி டிரைவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார அந்தப் பெண்கள் கூச்சப்பட்டார்கள். கிருஷ்ணப்பன் யோசித்து, ஹாலின் இடது பக்கம் பிளைவுட் தடுத்து ஆறு ஃபேமிலி கேபின் கட்டினார். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு சலவைக்கல் மேசை, எதிரெதிரே இரண்டு நீள இருக்கைகள், வாசலில் ஒரு திரை. இருக்கைகளுக்கும் முதுகுச் சாய்வுக்கும் அரக்கு நிற ரெக்ஸின் போட்டு மெத்தென்று செய்யும் வேலை ஹாஜிராவின் கணவர் தஸ்தகீருக்குக் கிடைத்தது.

தஸ்தகீர் குஷன் வேலைக்காரர். பஸ் சீட், ஜீப் சீட், டாக்டர் வீட்டு சோபா என்று எது வந்தாலும் செய்வார். தையல் முழுக்க ஹாஜிராவுடையது. அவள் பென்னாகரத்தில் குடை ரிப்பேர் செய்தவரின் மகள். முரட்டுத் துணியில் ஊசி ஓட்ட அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். மசூதித் தெரு வீட்டின் முன் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அவள் உறை தைப்பாள். தஸ்தகீர் அதைச் சுருட்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், போகிற இடத்தில் ஸ்பிரிங் கட்டி, நார் நிரப்பி, உறையை இழுத்து ஆணி அடித்துவிட்டு வருவார். அவள் தைத்தது எந்த இடத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவள் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அந்த ஹோட்டலை மட்டும் பார்க்க ஆசைப்பட்டாள். ஒருமுறை பெண் அமீனாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு தோசை தின்றுவிட்டு வரலாம் என்று கேட்டாள். தஸ்தகீர் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினார். பிறகு அவளும் விட்டுவிட்டாள்.

1971 கடைசியில், லாரி பாடி கட்டும் ஷெட் ஒன்றில் தஸ்தகீர் வேலை செய்துகொண்டிருந்தபோது பின்கதவு ஒன்று கொக்கி கழன்று அவருடைய வலது கையின்மேல் விழுந்தது. கை பிழைத்தது. ஆனால் மூன்று விரல்கள் விறைத்து நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் ஒரு மாதம் யாரிடமும் பேசவில்லை. சுத்தியலை எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார்.

ஹாஜிரா வேலையை நிறுத்தவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும் வேலைகளை எடுத்துக்கொண்டாள். சைக்கிள் சீட், முடிதிருத்தும் கடை நாற்காலி, ஒரு டிராக்டர் சீட். வீட்டுக்கு வந்த சின்ன வேலைகளைத் தஸ்தகீர் செய்ததைப் பத்து வருடத்துக்கு மேல் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். ஸ்பிரிங்கைச் சணல் கயிற்றால் கட்டும்போது முதலில் கையெல்லாம் வெட்டுப்பட்டது. பிறகு பழகிவிட்டது.

அடுத்த வருடம் பங்குனி வெயிலில் ஹோட்டல் சப்ளையர் மாது வீடு தேடி வந்தான். தெருவில் நின்றபடியே சொன்னான்.

"பாய் இருக்காருங்களா? மொதலாளி அனுப்பினாரு. கேபின் சீட்டெல்லாம் கிழிஞ்சி போச்சுங்க. ஆறு கேபினுக்கும் ரெக்ஸின் மாத்தணுமாம். அதுல மூணாவதும் அஞ்சாவதும் ரொம்ப மோசம். உள்ள பள்ளமாப் போயிடுச்சி. உக்காந்தா மேசை மோவாய்க்கு வருது. நாங்க அந்த ரெண்டுக்கும் பள்ளம்னே பேரு வெச்சிருக்கறோம். 'பள்ளத்துக்கு ரெண்டு காபி'ன்னுதான் சொல்றது."

ஹாஜிரா சிரித்தாள். உள்ளே இருந்த தஸ்தகீர் சிரிக்கவில்லை.

"இல்லப்பா, கை சரியில்ல. வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

மாது போன பிறகு ஹாஜிரா கேட்டாள்: "நான் போய் செய்யறேனே. உறை எப்படியும் நான்தான் தைக்கணும்."

"ஹோட்டல்ல போயா? நாலு ஆம்பளைங்க காபி குடிக்கற எடத்துல நீ உக்காந்து ஆணி புடுங்குவியா?"

"கேபினுக்குத்தான் திரை இருக்குதே."

"வேணாம்னா வேணாம்."

அவளுக்கு இது மானப் பிரச்சினை என்றுதான் பட்டது. தெருவில் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பயப்படுகிறார் என்று நினைத்தாள். அந்தப் பயத்துக்கு அவளிடம் மரியாதை இல்லை. வீட்டுக்குக் கொண்டுவரும் வேலை வாரத்துக்கு ஒன்றுகூட வராத சமயம் அது. மறுநாள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு ஹோட்டலுக்குப் போனாள்.

கிருஷ்ணப்பன் கல்லாவில் இருந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஒரு பெண் குஷன் வேலைக்கு வந்து நிற்பதை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாய் வரலியா?"

"அவருக்குக் கை ஆவலீங்க. நான் செய்வேன். ஒரு கேபின் செய்து காட்டறேன். புடிக்கலன்னா அதோட நிறுத்திக்கலாம்."

"உன்னால ரெக்ஸின் இழுக்க முடியுமா? அது ஆம்பளைக்கே கஷ்டம்."

"முட்டி போட்டு இழுத்தா வரும்ங்க."

இந்த பதில் அவருக்குப் பிடித்துப்போனது. "ஆயித்து, சரி, செய்யி" என்றார். "பாய் போட்ட சீட்டு பாக்கி நாலும் கல்லு மாதிரி இருக்குது. அந்த ரெண்டு மட்டும்தான் இப்படி. அதுக்குக் காரணம் அவர் இல்ல. இங்க ஒருத்தி இருந்தா, தெரசான்னு. கேபின் கழுவறவ. பக்கெட் பக்கெட்டாத் தண்ணி ஊத்தி நாரையெல்லாம் அழுக வெச்சிட்டா. அதான் அவளப் பின்னாடி பாத்திரத்துக்குப் போட்டுட்டேன்."

பச்சை ரெக்ஸினில் வெள்ளை விளிம்பு வைத்து உறைகளைத் தைக்க ஹாஜிராவுக்கு ஒன்பது நாள் ஆனது. தஸ்தகீர் தடுக்கவில்லை. பேசவும் இல்லை. அவள் ஹோட்டலுக்குக் கிளம்பிய காலையில் மட்டும் வாசலில் வந்து நின்று, "மொதல்ல ஒண்ணாவது கேபின ஆரம்பி" என்றார்.

"மூணாவதுதான மோசம்? அதத்தான் மொதல்ல செய்யச் சொன்னாரு."

அவர் உள்ளே போய்விட்டார்.

காலைக் கூட்டம் குறைந்த பிறகு, பத்து மணிக்கு, ஹாஜிரா மூன்றாவது கேபினின் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு திருப்புளி, ஒரு குறடு, ஒரு சின்னச் சுத்தியல், வளைந்த ஊசி. வரிசையாக அடித்திருந்த குமிழ் ஆணிகளை நெம்பி எடுத்தாள். பழைய அரக்கு ரெக்ஸின், அவள் தைத்ததுதான், வெடித்துக் கிடந்தாலும் தையல் ஓர் இடத்திலும் விடவில்லை. அதைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம். ரெக்ஸினை உரித்தாள். கீழே காடாத் துணி. இருக்கைக்கும் சாய்வுக்கும் இடையில் ஆறு வருடத்துப் பொருள்கள் சிக்கியிருந்தன. பஸ் டிக்கெட், கொண்டை ஊசி, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, காய்ந்துபோன வடை. எடுத்து ஓரமாக வைத்தாள்.

நல்ல குஷனில் அடியில் பட்டை இருக்கும், அதன்மேல் ஸ்பிரிங், ஸ்பிரிங்மேல் சாக்கு, சாக்கின்மேல் கைத்தண்டு கனத்துக்குத் தேங்காய் நார், அதன்மேல் மெல்லிசாகப் பஞ்சு. காடாத் துணியைக் கிழித்துப் பஞ்சை எடுத்ததும் அவள் நாரைத் தேடினாள். கையில் தூள்தூளாக ஏதோ வந்தது. கறுத்துப்போய், மக்கிப்போய், ஈர மண் வாசனை அடித்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

வைக்கோல்.

இன்னும் கொஞ்சம் தோண்டினாள். எல்லாம் வைக்கோல்தான். ஓரத்தில் நனையாத இடத்தில் அது மஞ்சளாகவே இருந்தது. ஒரு தாளில் இரண்டு நெல்மணிகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிர் இருக்கையையும் பிரித்தாள். அதிலும் அதேதான்.

தன் கணவர் போட்ட சீட் என்பது கொஞ்ச நேரம் மனதில் ஏறவே இல்லை. யாரோ நடுவில் பிரித்து மாற்றியிருப்பார்களோ என்று சட்டத்தில் ஆணித் துளைகளைப் பார்த்தாள். ஒன்று விட்டு ஒரு துளை கொஞ்சம் சாய்வாக இறங்கியிருந்தது. அது தஸ்தகீரின் அடி. பக்கத்தில் வேறு துளையே இல்லை, வேறு யாரும் திறக்கவில்லை.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு தெரசா வந்தாள். நாற்பது வயது இருக்கும். மாதா கோயிலுக்குப் பின்னால் குடியிருப்பவள். பின்கட்டில் நாள் முழுவதும் தண்ணீரில் நின்று பாத்திரம் தேய்த்து அவளுடைய கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்துபோயிருந்தது. ஹாஜிராவுக்காக ஒரு டம்ளர் காபி கொண்டுவந்திருந்தாள்.

"மாது குடுத்தனுப்பினான், குடிக்கா..." என்றவள் தரையைப் பார்த்தாள். "என்னக்கா இது, மாட்டுக் கொட்டாய் மாதிரி?"

ஹாஜிராவுக்கு மறைக்க நேரமில்லை. தெரசா குனிந்து ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மாறியது.

"நாரு அழுகிப்போச்சுன்னு மொதலாளி சொன்னாரு" என்றாள். "நான் தண்ணி ஊத்தித்தான் அழுகிப்போச்சுன்னு. ரெண்டு வருசமாச்சு என்னப் பின்னாடி தள்ளி."

"எனக்குத் தெரியாது தெரசா. சத்தியமா இப்பத்தான் பாக்கறேன்."

தெரசா காபியை மேசைமேல் வைத்தாள். வெளியே யாராவது இருக்கிறார்களா என்று திரையை விலக்கிப் பார்த்தாள். பிறகு தன் குப்பைக்கூடையைக் கொண்டுவந்து வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"என்ன பண்ற?"

"பின்னாடி அடுப்புல போட்டுடறேன். மொதலாளி பன்னண்டுக்கு இந்தப் பக்கம் வருவாரு. உன் வூட்டுக்காரருக்குக் கையும் போயிடுச்சு. இந்த வேலையும் போச்சுன்னா என்னா பண்ணுவ? நான் ஒண்ணும் சொல்லல, போ."

மூன்று கூடை வைக்கோல் பின்கட்டுக்குப் போனது. கிருஷ்ணப்பன் வந்து எட்டிப் பார்த்தபோது வெறும் சாக்குதான் தெரிந்தது. "எல்லாம் மண்ணாப் போயிருக்குமே" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாஜிரா தலையை ஆட்டினாள். அந்த ஒரு தலையாட்டலை நினைத்து அவள் பிறகு வெகுநாள் வெட்கப்பட்டாள்.

அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டாள். தஸ்தகீர் கட்டிலில் உட்கார்ந்து, விறைத்த விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"எத்தன கேபின்ல?" என்று கேட்டாள்.

"ரெண்டுலதான்."

"ஏன்?"

அவர் சுற்றி வளைக்கவில்லை. "சேலத்துலருந்து நாரு வரணும். வரல. தொறக்கற முகூர்த்தம் குறிச்சாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. நாலு கேபினுக்குத்தான் நாரு இருந்திச்சு. சரி, இப்போதைக்கு வைக்கோல வெச்சி மூடிடலாம், வாரத்துல வந்து மாத்திக்கலாம்னு செய்தேன்."

"மாத்தலியே."

"நாரு பத்து நாள் கழிச்சி வந்திச்சு. அதுக்குள்ள கேபின் நெறைய ஆளுங்க. போய் என்னான்னு சொல்லிப் பிரிக்கறது? அப்ப ஒரு பஸ்ஸு வேலை வந்திச்சு. அந்த நாரை அதுல போட்டுட்டேன்." எண்ணெய்க் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் நான் அந்தக் கடைப் பக்கமே போவல."

அவள் கேட்ட தோசை ஹாஜிராவுக்கு நினைவு வந்தது.

"நீ புது நார் போட்டு மூடிடு" என்றார் தஸ்தகீர். "யாருக்கும் தெரியாது. அல்லாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"தெரசாவுக்கு யாரு பதில் சொல்றது?"

தெரசா யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஹாஜிரா சொன்னாள். தண்ணீர் ஊற்றிய கதையை, பின்கட்டை, வெந்துபோன காலை, மூன்று கூடையை. தஸ்தகீர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"நான் காலையில மொதலாளிகிட்ட சொல்லப்போறேன்" என்றாள் ஹாஜிரா.

அவர் திரும்பவில்லை. "ரெண்டுலதான்" என்று மட்டும் இன்னொரு முறை சொன்னார்.

மறுநாள் காலை கல்லாவுக்கு எதிரில் நின்று ஹாஜிரா சொன்னாள். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோய், "மூணுலயும் அஞ்சுலயும் நார் இல்லீங்க, வைக்கோல். எங்க வூட்டுக்காரர் வெச்சது. தெரசா மேல தப்பில்ல" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

கிருஷ்ணப்பனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கல்லாவை மூடிவிட்டு எழுந்தார்.

"வைக்கோலா? என் கடையிலயா? தொறந்த அன்னிக்கு எத்தன பெரிய மனுசங்க வந்து உக்காந்தாங்க தெரியுமா? என் பொண்ணப் பாக்க மாப்பிள்ள வூட்டுக்காரங்க வந்து அஞ்சாவது கேபின்லதான் உக்காந்தாங்க!" குரல் ஹால் முழுக்கக் கேட்டது. டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். "பேடா, பேடா! உன் வேலையே வேணாம்மா. சாமானத் தூக்கிட்டுப் போ."

ஹாஜிரா நகரவில்லை. "மூணாவது பிரிச்சிக் கெடக்குதுங்க. அத மூடிட்டுப் போறேன்."

"மத்த நாலுலயும் என்னா இருக்குது? அதச் சொல்லு மொதல்ல. மண்ணா, மரத்தூளா?"

"நார்தான்னு சொன்னாருங்க."

"சொன்னாரா! அவர் சொன்னா ஆச்சா? இப்ப பிரி. என் கண்ணு முன்னாடி பிரி. ஒண்ணொண்ணா."

மற்ற நான்கு கேபின்களில் மேல் உறையை மட்டும் மாற்றுவதாகத்தான் பேச்சு. உள்ளே கை வைப்பதாக இல்லை. ஹாஜிரா திருப்புளியை எடுத்துக்கொண்டு முதல் கேபினுக்குப் போனாள். திரையை யாரோ முழுவதுமாக விலக்கிக் கட்டிவிட்டார்கள். கிருஷ்ணப்பன் இடுப்பில் கைவைத்து நின்றார். அவருக்குப் பின்னால் மாது, அவனுக்குப் பின்னால் காபி டம்ளரோடு இரண்டு லாரி டிரைவர்கள்.

பத்து ஆணி எடுத்திருப்பாள். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தஸ்தகீர் நின்றுகொண்டிருந்தார். ஒற்றைக் கையால் சட்டை போட்டதில் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாறியிருந்தன.

"வா பாய்" என்றார் கிருஷ்ணப்பன். "வந்து பாரு உன் வேலைய."

"ரெண்டுலதாங்க மொதலாளி" என்றார் தஸ்தகீர். "தப்புதான். மன்னிக்கச் சொல்லிக் கேக்க வரல. எல்லாத்தையும் பிரிச்சிப் பாருங்க. அவ மட்டும் தனியா நிக்க வேணாம்னுதான் வந்தேன்."

ஹாஜிரா அவரைப் பார்க்கவில்லை. இரண்டில்தான் என்று அவர் சொன்னதை அவள் நம்பினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. ஆறு வருடம் ஒரு விஷயத்தை மறைத்தவர் இன்னொன்றையும் மறைத்திருக்கலாம். ஆணிகள் வந்தன. ரெக்ஸின் வந்தது. காடாவைக் கிழித்தாள். பஞ்சை விலக்கிவிட்டு விரலை உள்ளே விட்டாள்.

சொரசொரவென்று நார் தட்டுப்பட்டது. கைநிறைய இழுத்துத் தரையில் போட்டாள். நல்ல பழுப்பு நார். முடிச்சு இல்லாமல், தூசி இல்லாமல், சீப்புப் போட்டு வாரினது போல.

"ம்" என்றார் கிருஷ்ணப்பன். "அடுத்தது ரெண்டாவது."

இரண்டாவது கேபினிலும் நார். மூன்றாவது ஏற்கனவே திறந்து கிடந்தது. நான்காவதை அவள் பிரிக்கும்போது டிரைவர்களில் ஒருவர் போய்விட்டார், பஸ்ஸுக்கு நேரமான இன்னும் நான்கு பேர் போகாமல் நின்றார்கள். நான்காவதில் நார். அதோடு, சாக்கு ஓர் இடத்தில் விலகியிருந்ததால் ஸ்பிரிங் கட்டியிருந்த விதம் அவள் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் எட்டுப் பக்கம் கயிறு. ஒரு கயிறு அறுந்தாலும் மற்றது தாங்கும்படி ஒவ்வொரு முடிச்சும் தனித்தனி. வீட்டில் இருந்து பார்த்து அவள் கற்றுக்கொண்டது நாலு பக்கக் கட்டுத்தான். இதை அவர் வீட்டில் ஒருநாளும் செய்ததில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னா, அங்க என்னா?" என்றார் கிருஷ்ணப்பன் சந்தேகமாக.

"ஒண்ணுமில்லீங்க. நல்லாக் கட்டியிருக்குது."

ஐந்தாவதில் வைக்கோல். அது தெரிந்ததுதான். ஆனாலும் வெளியே அள்ளிப்போட்டபோது எல்லோரும் ஒரு சத்தம் எழுப்பினார்கள். தஸ்தகீர் தலை குனியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாவதை அவள் பிரித்து முடித்தபோது பகல் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. அதிலும் நார்தான்.

கிருஷ்ணப்பன் ஆறு கேபினையும் ஒருமுறை நடந்து பார்த்தார். பிறகு, "மாது, தெரசாவக் கூப்பிடு" என்றார்.

தெரசா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நடந்தது எல்லாம் பின்கட்டுக்கும் எட்டியிருந்தது. கிருஷ்ணப்பன் அவளிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வைக்கோல் குவியலைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "நாளையிலருந்து கேபின் நீயே பாத்துக்கோ" என்றார்.

"பாக்கறேங்க. ஆனா நான் தண்ணி ஊத்தித்தான் கழுவுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"ஊத்தித் தொல" என்றார் கிருஷ்ணப்பன்.

தஸ்தகீரின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஹாஜிராவிடம், "எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"பாய்க்கு ஒரு கை இருக்குது, எனக்கு ரெண்டு இருக்குது. எட்டு நாள்ல முடிச்சிடறோம்" என்றாள்.

முடித்தார்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் நாரை அவர்களே வாங்கிப் போட்டார்கள். அந்த எட்டு நாளும் தஸ்தகீர் கூடவே வந்தார். கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, இடது கையால் இழுத்து, எட்டுப் பக்க முடிச்சைப் போட்டுக் காட்டினார். முதல் நாள் ஒரு ஸ்பிரிங் கட்டவே ஒரு மணி நேரம் ஆனது. இரண்டாம் நாள் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கடைசி நாள் ஹாஜிரா இரண்டு கட்டுவதற்குள் அவர் ஒன்று கட்டினார். கிருஷ்ணப்பன் தினமும் மூன்று முறை வந்து பார்ப்பார், ஹாஜிராவிடம் பேசுவார், தஸ்தகீர் அங்கே இல்லாதது போல நடந்துகொள்வார். அதற்கப்புறம் கடையில் எந்தக் குஷன் வேலை வந்தாலும் ஹாஜிராவுக்குத்தான் ஆள் அனுப்பினார். ஆனால் தஸ்தகீரிடம் அவர் மறுபடி ஒரு வார்த்தை பேச மூன்று வருடம் ஆனது. அதுவும் மழை வருமா என்று கேட்டாராம்.

ஹோட்டலில் அன்று நின்று பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. வைக்கோல் கதை ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவியது. சிலர் சிரித்தார்கள். மசூதித் தெருவில் ஒருவர், பொம்பளைய வேலைக்கு அனுப்பினா இப்படித்தான் என்றார். எப்படித்தான் என்று அவரும் விளக்கவில்லை, ஹாஜிராவும் கேட்கவில்லை. இரண்டு மாதம் புதிதாக ஒரு வேலையும் வரவில்லை. ஒரு பஸ் கம்பெனி கொடுத்திருந்த சீட் வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டது. தஸ்தகீர், "சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அமீனாவுக்கு அப்போது பதினாலு வயது. அவள் பீடிக்கு இலை வெட்டப் போகிறேன் என்றாள். வேண்டாம் என்று ஹாஜிரா தடுத்தாள்.

பிறகு ஒரு நாள், அன்று காபி டம்ளரோடு நின்ற லாரி டிரைவர்களில் ஒருவர் வந்தார். சென்னப்பன் என்று பெயர். சித்தேரி மலைப் பக்கத்து ஆள். மூலம் இருந்ததால் லாரி சீட்டில் உட்கார்ந்து ஓட்ட முடியாமல் அவஸ்தைப்பட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு உள்ள என்னா இருக்குதுன்னு தெரியணும்மா" என்றார். "நீதான் ஊருக்கே தொறந்து காட்டினியே. அதுமாதிரி எனக்கும் தொறந்து காட்டிட்டு மூடு." ஹாஜிரா நாரைப் போட்டு, நடுவில் ரப்பர் பஞ்சு வைத்து, அவரைக் கூப்பிட்டு உள்ளே கையை விடச்சொல்லிக் காட்டிவிட்டுத்தான் ரெக்ஸினை மூடினாள். அவர் ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னும் ஆறு டிரைவர்களைக் கூட்டிவந்தார்.

அதிலிருந்து அதுவே அவள் வழக்கமாகிவிட்டது. சீட்டின் சொந்தக்காரர் வந்து உள்ளே பார்க்காமல் மூட மாட்டாள். பாப்பாரப்பட்டியில் ஒரு டூரிங் கொட்டகை முதலாளி பெஞ்சு குஷனுக்காக மூன்று தடவை அலைய வேண்டியிருந்தது. அவர் திட்டிக்கொண்டே வந்து பார்த்தார். அந்த ஊர்ப் பழக்கத்தில்தான் அமீனாவுக்கு 1975-ல் ஒரு இடம் அமைந்தது. மாப்பிள்ளை அங்கே சந்தையில் சட்டி பானைக் கடை வைத்திருந்த அப்துல் ரஷீத். கல்யாணத்துக்கு தெரசா ஒரு நாள் முன்னாடியே வந்து, வெங்காயம் உரிப்பதிலிருந்து விருந்தாளிகளுக்குப் பாய் விரிப்பது வரை செய்துவிட்டுப் போனாள். வெந்துபோயிருந்த அவள் கால் அப்போது ஆறியிருந்தது.

1977-ல் கிருஷ்ணகிரியில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து ஆள் வந்தது. பதினாலு கேபின். ஹாஜிராவும் தஸ்தகீரும் தினமும் காலை பஸ்ஸில் போய், சாயங்காலம் திரும்பினார்கள். பஸ்ஸில் தஸ்தகீர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்குவார். ஹாஜிரா உட்கார்ந்த சீட்டை விரலால் அழுத்திப் பார்த்து, இதில் என்ன போட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே போவாள்.

அந்த ஹோட்டல் முதலாளி இளம் வயசு. பெங்களூரில் படித்தவர். எதற்கும் நேரமில்லை அவருக்கு. முதல் கேபினில் நார் நிரப்பி முடித்ததும் ஹாஜிரா ஆள் அனுப்பினாள். அவர் வரவில்லை. மறுபடி அனுப்பினாள். "மூடச் சொல்லு, யாரு பாக்கப் போறாங்க" என்று பதில் வந்தது. அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தஸ்தகீர் எதிர் இருக்கையின் சட்டத்தில் சாய்ந்து பீடி பற்றவைத்தார். அரை மணி நேரம் ஆனது. பெயின்ட் அடிப்பவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கடைசியில் முதலாளி எரிச்சலோடு வந்தார்.

"என்னம்மா உன் பிரச்சன?"

"ஒண்ணுமில்லீங்க. கைய உள்ள விட்டுப் பாருங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அருவருப்பாக இரண்டு விரலை நாருக்குள் விட்டார். பிறகு என்ன தோன்றியதோ, முழங்கை வரைக்கும் விட்டார். அடியிலிருந்த ஸ்பிரிங்கை அழுத்தினார். அது மெதுவாகக் கீழே போய் மெதுவாக மேலே வந்தது. இன்னொரு முறை அழுத்தினார்.

"குத்துதே" என்றார்.

"இதுமேல பஞ்சு வரும்ங்க. அப்புறம் குத்தாது."

"சரி, மூடு" என்றவர் போகாமல் அங்கேயே நின்றார். தஸ்தகீர் பீடியை அணைத்துவிட்டு ரெக்ஸினின் ஒரு முனையைப் பிடித்தார். ஹாஜிரா முட்டியைச் சட்டத்தில் ஊன்றி மறுமுனையை இழுத்து, முதல் ஆணியை அடித்தாள்.